துணி டயப்பரா, டிஸ்போசபிளா? முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

குழந்தை பிறக்கப்போகிறது என்றதுமே வீட்டில் கிளம்பும் வாதங்களில் இதுவும் ஒன்று. துணிதான் உடம்புக்கு நல்லது என்று ஒருவர் சொல்வார். அத்தனையையும் யார் துவைத்துப் போடுவது என்று இன்னொருவர் கேட்பார். என்னைக் கேட்டால், அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் முதலில் பதில் தேட வேண்டும். யார் துவைப்பார், எங்கே காயப்போடுவோம், எத்தனை நாளைக்கு ஒருமுறை துவைப்போம் என்ற மூன்றுக்கும் தெளிவான பதில் இருக்கிற வீட்டில் துணி டயப்பர் நன்றாகவே ஓடும். பதில் இல்லாத வீட்டில், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அது சீக்கிரமே அலமாரிக்குள் போய்விடும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இரண்டில் ஒன்றைத்தான் கடைசிவரை பிடித்துக்கொள்ள வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பகலில் துணி, இரவில் டிஸ்போசபிள் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டில் துணி, வெளியே போகும்போது டிஸ்போசபிள் என்றும் வைத்துக்கொள்ளலாம். கலந்து பயன்படுத்துவதை அரைகுறை வேலையாக நினைத்து யாரும் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டாம்.

படி 1: இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு டிஸ்போசபிள் டயப்பரைக் கத்தரித்துப் பார்த்தால் சில அடுக்குகள் தெரியும். தோலைத் தொடும் மேல் அடுக்கு பொதுவாகப் பாலிப்ரொப்பிலீன் இழையால் ஆனது. ஈரத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் உள்ளே இறக்கிவிடும். நடுவில் மரக்கூழ்ப் பஞ்சும் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற வெள்ளைப் பொடியும் இருக்கும். வெளியே ஈரம் கசியாத பிளாஸ்டிக் படலம். எல்லா வேலையையும் செய்வது அந்தப் பொடிதான். சிறுநீர் பட்டதும் ஜெல்லாக மாறி, தன் எடையைப்போல் பல மடங்கு நீரைப் பிடித்துக்கொள்கிறது. மேலே எடை அழுத்தினாலும் லேசில் விடுவதில்லை. அதனால்தான் குழந்தை உட்கார்ந்தாலும் புரண்டாலும் மேல் அடுக்கு ஓரளவு உலர்வாகவே இருக்கிறது. சில நேரம் குழந்தையின் தோலில் பளபளவென்று ஜெல் மணிகள் ஒட்டியிருக்கும். பயப்பட வேண்டாம், தண்ணீரில் கழுவினால் போய்விடும். டயப்பர் அளவுக்கு மீறி நனைந்துவிட்டது, அல்லது எங்கோ கிழிந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

துணி டயப்பரில் இந்த ஜெல் கிடையாது. பருத்தியோ மூங்கில் இழையோ மைக்ரோஃபைபரோ, எதுவானாலும் நீர் இழைகளுக்கு நடுவே தங்கியிருக்கும். அழுத்தினால் வெளியே வரும். நாள் முழுக்க ஒழுகாத டயப்பர், குழந்தையைக் கார் சீட்டில் உட்காரவைத்துப் பட்டையை இறுக்கியதும் ஒழுகுவது இதனால்தான். துணிக்கு மேலே போடும் கவர் பெரும்பாலும் பி.யு.எல். எனப்படும் துணி, அதாவது பாலியூரித்தேன் படலம் ஒட்டிய பாலியஸ்டர்.

இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும். துணியில் ஈரம் தோலோடு இருக்கும், அதனால் அடிக்கடி மாற்ற வேண்டும். டிஸ்போசபிளில் ஈரம் மறைந்திருக்கும், அதனால் மாற்றுவதைத் தள்ளிப்போடத் தோன்றும். இரண்டிலும் சிக்கல் ஆரம்பிக்கும் இடம் இதுதான்.

படி 2: தோலை முதலில் வையுங்கள்

டயப்பர் தடிப்பு வருவதற்குக் காரணம் துணியா பிளாஸ்டிக்கா என்று சண்டை போட்டுப் பயனில்லை. ஈரத்தில் ஊறிய தோல் மென்மையாகி, உராய்வு தாங்காமல் போகிறது. அதோடு சிறுநீரும் மலமும் கலந்தால் தோலின் இயல்பான அமிலத்தன்மை குறைந்து காரத்தன்மை ஏறுகிறது. அந்த நிலையில் மலத்தில் இருக்கும் நொதிகள் சுறுசுறுப்பாகித் தோலை அரிக்கின்றன. ஆக, இரண்டும் கலந்து நேரம் ஆக ஆகத்தான் சேதம். ஒரே சமமான இடைவெளியில் மாற்றினால் நல்ல டிஸ்போசபிள் தோலைக் கூடுதல் உலர்வாக வைக்கும், அதை மறுக்க முடியாது. ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றும் துணி, ஆறு மணி நேரம் அப்படியே கிடக்கும் டிஸ்போசபிளைவிட நல்லது.

பகலில் துணி என்றால் நனைந்ததும், அதிகபட்சம் இரண்டு மணி நேரத்துக்குள்ளும் மாற்றுங்கள். டிஸ்போசபிள் என்றால் இரண்டு, மூன்று மணி நேரம். மலம் போயிருந்தால் எதுவானாலும் உடனே.

தடிப்பு தெரிந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றியெடுத்து, கொஞ்ச நேரம் டயப்பர் இல்லாமல் காற்றாட விடுங்கள். அப்புறம் துத்தநாக ஆக்சைடு கலந்த கிரீமோ பெட்ரோலியம் ஜெல்லியோ தடவலாம். துணி டயப்பர் போடுவதானால், கிரீமுக்கும் துணிக்கும் நடுவே ஒரு மெல்லிய லைனர் வையுங்கள். கிரீம் துணியில் ஒட்டினால் அந்த இடம் நீரை உறிஞ்சாமல் போய்விடும். டால்கம் பவுடர் வேண்டவே வேண்டாம். அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போனால் குழந்தையின் நுரையீரலுக்கு ஆபத்து.

இரண்டு மூன்று நாளில் தடிப்பு குறையவில்லை, கொப்புளமோ சீழோ காய்ச்சலோ இருக்கிறது என்றால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். தொடை மடிப்புகளுக்குள் அடர்சிவப்பாகப் பரவி, ஓரத்தில் சிறுசிறு சிவப்புப் புள்ளிகள் தனியாகத் தெரிந்தால் அது கேண்டிடா என்ற பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்குச் சாதாரண கிரீம் கேட்காது.

படி 3: முதல் சில வாரங்களைத் தனியாகத் திட்டமிடுங்கள்

பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை மாற்ற வேண்டியிருக்கும். முதல் இரண்டு மூன்று நாள் வருவது தார் மாதிரி ஒட்டும் கறுப்பு மலம். தாய் பிரசவக் களைப்பில் இருப்பார், வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் இருக்காது. அந்த நேரத்தில் புதிதாக ஒரு துவைக்கும் முறையைக் கற்றுக்கொள்ள முயல்வது வீண் சிரமம். இந்த வாரங்களுக்கு டிஸ்போசபிளோ, மடித்துப் போடும் சாதாரண மெல்லிய துணியோ போதும். விலையுயர்ந்த துணி டயப்பரில் பெரும்பாலானவை அந்த வயதுக் குழந்தைக்கு எப்படியும் பெரிதாகத்தான் இருக்கும். எது போட்டாலும், தொப்புள்கொடி விழும்வரை முன்பக்கத்தை அதற்குக் கீழே மடித்துவிடுங்கள்.

இந்த நாட்களில் டயப்பருக்கு இன்னொரு முக்கிய வேலையும் உண்டு. குழந்தைக்குப் பால் போதுகிறதா என்பதை அதுதான் சொல்கிறது. ஐந்தாவது நாளுக்குப் பிறகு, 24 மணி நேரத்தில் குறைந்தது 6 முறையாவது நன்றாக நனைந்திருக்க வேண்டும். துணியில் இது உடனே தெரிந்துவிடும். டிஸ்போசபிளில் சிறிதளவு சிறுநீர் தெரியவே தெரியாது. அதற்கு ஒரு எளிய வழி: ஒரு புது டயப்பரில் மூன்று மேசைக்கரண்டி, அதாவது சுமார் 45 மில்லி தண்ணீரை ஊற்றிக் கையில் தூக்கிப் பாருங்கள். அந்தக் கனம் கைக்குப் பழகிவிட்டால், நனைந்த டயப்பர் எது என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடலாம். எண்ணிக்கை குறைந்தாலோ சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரைக் கேளுங்கள்.

படி 4: வீட்டு நிலைமையை ஒளிக்காமல் எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொண்டு குழந்தையைப் பார்த்துக்கொள்ளப்போகும் எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள். ஒருவர் ஆசைப்பட்டு முடிவெடுத்து, வேலை முழுக்க இன்னொருவர் தலையில் விழும் வீடுகள் நிறைய. துணி என்று முடிவெடுப்பவர் துவைக்கும் முறையிலும் பெயர் கொடுக்க வேண்டும்.

வாஷிங் மெஷின் இருக்கிறதா, கையால்தானா? தண்ணீர் தாராளமா, அளந்துதான் வருமா? காயப்போட வெயிலோ காற்றோ வரும் இடம் இருக்கிறதா? தொடர்ந்து மழையோ குளிரோ இருக்கும் மாதங்களில் என்ன செய்வது? பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கோ காப்பகத்துக்கோ துணி டயப்பர் சம்மதமா? எறியும் டயப்பரை எடுத்துக்கொண்டுபோக முறையான குப்பை ஏற்பாடு உண்டா?

தண்ணீரும் காயும் இடமும் இல்லாத வீட்டுக்கு நான் துணியைச் சிபாரிசு செய்ய மாட்டேன். சரியாகக் காயாத துணி நாறும், நாறும் துணியை யாரும் தொடர்ந்து பயன்படுத்த மாட்டார்கள். மாறாக, இரண்டு பேர் கைகொடுக்கிறார்கள், மெஷின் இருக்கிறது, வெயில் இருக்கிறது என்றால் பகல் நேரத் துணிக்கு யோசிக்கவே வேண்டாம்.

படி 5: எத்தனை வேண்டும், எவ்வளவு மிச்சம்

எண்ணிக்கைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு நாளைக்கு மாற்றும் எண்ணிக்கையை, எத்தனை நாளைக்கு ஒருமுறை துவைப்பீர்கள் என்பதோடு பெருக்குங்கள். காய்வதற்கு ஆகும் நாளுக்கானதைக் கூட்டுங்கள். நாளைக்கு 7 முறை மாற்றி, இரண்டு நாளைக்கு ஒருமுறை துவைத்து, காய ஒரு நாள் எடுத்தால்: 14-ம் 7-ம் சேர்த்து 21. கலந்து பயன்படுத்துபவர்களுக்கு இதில் பாதி போதும்.

பணக் கணக்கை உங்கள் ஊர் விலையை வைத்தே போட வேண்டும். ஒரு டிஸ்போசபிளின் விலையிலிருந்து, ஒரு துணி டயப்பரை ஒருமுறை துவைக்க ஆகும் செலவைக் கழியுங்கள். துணி செட்டின் மொத்த விலையை அந்தத் தொகையால் வகுத்தால், எத்தனை முறை மாற்றியதும் போட்ட பணம் திரும்பும் என்று வரும். உதாரணமாக, ஒரு துணி டயப்பரின் விலைக்கு 40 டிஸ்போசபிள் வாங்கலாம், ஒருமுறை துவைக்கும் செலவு ஒரு டிஸ்போசபிளின் விலையில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். 24 துணி டயப்பருக்கு 1,200 மாற்றங்களில் பணம் திரும்பிவிடும். நாளைக்கு 7 என்றால் கிட்டத்தட்ட ஐந்தரை மாதம். இரண்டரை வயதுவரை நாளைக்குச் சராசரி 6 என்று பார்த்தால் மொத்த மாற்றங்கள் 5,400-ஐத் தாண்டும். அப்படிப் பார்த்தால் துணியில் நல்ல மிச்சம்தான். ஆனால் அலமாரியில் தூங்கும் துணி டயப்பர் ஒரு காசு மிச்சப்படுத்தாது. துவைக்கும் நேரமும் ஒரு செலவுதான், அதைக் கணக்கில் சேர்க்காமல் விடாதீர்கள்.

படி 6: துணியில் எந்த வகை

சதுரத் துணியை மடித்து, மேலே கவர் போடுவது பழைய முறை. இதைவிட மலிவானது, சீக்கிரம் காய்வது வேறு எதுவும் இல்லை. மடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். நடுவில் கூடுதல் அடுக்குகள் தைத்து வரும் ப்ரீஃபோல்ட் வகையில் மடிக்கும் வேலை குறைவு. பாக்கெட் டயப்பரில் பை மாதிரி ஒரு திறப்பு இருக்கும். அதற்குள் இன்சர்ட் எனப்படும் உறிஞ்சும் துணியைச் சொருக வேண்டும், துவைக்கும்போது வெளியே எடுத்துவிடலாம் என்பதால் சீக்கிரம் காயும். ஆல்-இன்-ஒன் வகையில் எல்லாமே சேர்த்துத் தைத்திருக்கும். மாட்டுவதற்கு டிஸ்போசபிள் அளவுக்கே சுலபம், ஆனால் காய்வதற்கு நெடுநேரம் ஆகும். வெயில் குறைந்த இடத்தில் இருப்பவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது.

உள்ளே வைக்கும் துணியில் மைக்ரோஃபைபர் வேகமாக உறிஞ்சும், அழுத்தினால் அதே வேகத்தில் விட்டுவிடும். தோலின் ஈரப்பதத்தையும் இழுத்துவிடுவதால் நேரடியாகத் தோலில் படக்கூடாது. ஹெம்ப், அதாவது கஞ்சாச் செடியின் நாரால் நெய்த துணி, மெதுவாக உறிஞ்சும், நிறையப் பிடிக்கும். அதனால் இரவுக்குப் பருத்தி மேலேயும் ஹெம்ப் கீழேயும் வைப்பது நல்ல சேர்க்கை.

ஒரே வகையில் மொத்தமாக வாங்கிவிடாதீர்கள். வெவ்வேறு வகையில் மூன்று நான்கு மட்டும் வாங்கி, இரண்டு வாரம் போட்டுப் பாருங்கள். தொடை பருத்த குழந்தைக்கும் ஒல்லியான குழந்தைக்கும் ஒரே டயப்பர் ஒத்துவராது.

படி 7: துவைக்கும் முறை

துணி டயப்பரைக் கைவிட்டவர்கள் பலருக்கும் பிரச்சினை இங்கேதான் வந்திருக்கும். ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

புதிய பருத்தி, ஹெம்ப் துணியில் இயற்கையான எண்ணெய்ப் பசை இருக்கும். ஐந்தாறு முறை துவைத்த பிறகுதான் முழுதாக உறிஞ்சும். முதல் நாளே ஒழுகுகிறது என்று வருந்த வேண்டாம்.

கழற்றியதும் மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட வேண்டும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலம் தண்ணீரில் கரைந்துவிடும் என்பதால் அந்த மாதங்களில் வேலை குறைவு. திட உணவு தொடங்கிய பிறகு, உள்துணியின் மேல், தோல் படும் பக்கத்தில் ஒரு லைனர் போட்டால் மலத்தை லைனரோடு எடுத்துவிடலாம். லைனரைக் கழிப்பறையில் போடாதீர்கள், குப்பையில் போடுங்கள். அழுக்கு டயப்பரைத் தண்ணீர் வாளியில் ஊறவைத்து வைக்காதீர்கள். நாற்றம் கூடும், எலாஸ்டிக்கும் கெடும். அதைவிடப் பெரிய விஷயம், தவழும் குழந்தை கொஞ்சம் தண்ணீர் உள்ள வாளியிலும் மூழ்கிவிடும். காற்றோட்டமான கூடையிலோ பையிலோ உலர்வாகப் போட்டு வையுங்கள், அதிகபட்சம் இரண்டு மூன்று நாளுக்குள் துவைத்துவிடுங்கள்.

துவைக்கும்போது முதலில் பச்சைத்தண்ணீரில் ஒரு அலசு. எடுத்ததும் வெந்நீர் விட்டால் கறை பிடித்துக்கொள்ளும். அப்புறம் சோப்புத்தூளோடு முழுத் துவைப்பு. உள்துணிகளுக்கு 60 டிகிரி செல்சியஸ் நல்லது, கவருக்கு அதன் லேபிளில் உள்ள சூடு. கையால் துவைப்பதானால் கை பொறுக்கும் வெந்நீரில் ஊறவைத்து நன்றாகக் கசக்குங்கள். குழந்தை துணி என்று சோப்பை மிகக் குறைவாகப் போடுவது தவறு. அழுக்கு முழுதாகப் போகாமல் உள்ளே தங்கி, நனைந்ததும் மூக்கைத் துளைக்கும் அமோனியா வாடை வரும். சோப்பைச் சரியான அளவு போட்டு, தண்ணீரில் நுரை வருவது நிற்கும்வரை அலசுங்கள். மெஷினை முக்கால் அளவு நிரப்புங்கள். துணிகள் ஒன்றோடொன்று உரசினால்தான் அழுக்கு போகும்.

ஃபேப்ரிக் கண்டிஷனர் கூடவே கூடாது. இழைகளின் மேல் ஒரு பூச்சு படிந்து, தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடும். சந்தேகமிருந்தால் காய்ந்த துணியில் ஒரு சொட்டு தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்து மாதிரி நின்றால் பூச்சு படிந்திருக்கிறது என்று அர்த்தம். வெறும் வெந்நீரில் இரண்டு மூன்று முறை துவைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

உள்துணிகளை வெயிலில் போடுங்கள், மஞ்சள் கறை தானாக மங்கும். கவர்களை நிழலில் உலர்த்துங்கள், கடுஞ்சூட்டில் அந்தப் படலமும் எலாஸ்டிக்கும் சீக்கிரம் போய்விடும்.

படி 8: டிஸ்போசபிளைச் சரியாகப் பயன்படுத்துவது

வயதைப் பார்த்து வாங்காமல், எடையைப் பார்த்து அளவு வாங்குங்கள். மாட்டிய பிறகு இடுப்பில் இரண்டு விரல் நுழைய வேண்டும். தொடையைச் சுற்றியுள்ள சுருக்கங்களை விரலால் வெளியே இழுத்துவிடுங்கள். அது உள்ளே மடங்கியிருந்தால் பக்கவாட்டில் ஒழுகும். தொடையில் சிவந்த தடம், முதுகுப்பக்கம் அடிக்கடி மலம் வெளியேறுவது இரண்டும் அடுத்த அளவுக்குப் போகச் சொல்லும் அறிகுறிகள். ஆண் குழந்தைக்குக் குறியைக் கீழ்நோக்கி வைத்து மாட்டினால் முன்பக்கம் ஒழுகாது. பெண் குழந்தையைத் துடைக்கும்போது முன்னிருந்து பின்னாகத்தான் துடைக்க வேண்டும்.

எறியும்போதும் மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, டயப்பரைச் சுருட்டி, அதன் பட்டையாலேயே ஒட்டி, தாளில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். பலரும் இதைச் செய்வதில்லை. குப்பையைக் கையால் பிரிப்பவர்களை நினைத்தாவது செய்ய வேண்டும். கழிப்பறைக் குழாயில் டயப்பரைப் போட்டால் அடைப்பு நிச்சயம்.

படி 9: சுற்றுச்சூழல்

குப்பை அளவில் டிஸ்போசபிள்தான் மோசம், அதில் விவாதமே இல்லை. கார்பன் கணக்கில் அவ்வளவு நேரடியாகச் சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2008-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழந்தைக்கு இரண்டரை வருடத்துக்கு டிஸ்போசபிள் ஏறத்தாழ 550 கிலோ, துணி ஏறத்தாழ 570 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு நிகரான உமிழ்வு என்று வந்தது. மெஷினை நிரப்பித் துவைத்து, கொடியில் உலர்த்தி, அடுத்த குழந்தைக்கும் அதே துணியைப் பயன்படுத்தினால் துணியின் அளவு சுமார் 40 சதவீதம் குறையும் என்றும் அதே ஆய்வு சொன்னது. அந்நாட்டு அரசு 2023-ல் வெளியிட்ட புதிய ஆய்வில் துணியின் புவி வெப்பமாக்கல் பாதிப்பு டிஸ்போசபிளைவிட 25 சதவீதம் குறைவு. டிரையரில் போடாமல் கொடியில் போடுவதுதான் நம் கையில் உள்ள பெரிய விஷயம்.

படி 10: முடிவை அவ்வப்போது திரும்பிப் பாருங்கள்

தவழ ஆரம்பிக்கும்போது, திட உணவு தொடங்கும்போது, வேலைக்குத் திரும்பும்போது எல்லாம் நிலைமை மாறும். வயிற்றுப்போக்கு வந்தால் சில நாள் டிஸ்போசபிளுக்கு மாறிக்கொள்ளலாம். பூஞ்சைத் தொற்று வந்து துணியே போட்டால், அந்த நாட்களில் உள்துணிகளை அதன் லேபிள் அனுமதிக்கும் அதிகபட்சச் சூட்டில் துவையுங்கள். எது மாட்டினாலும் குழந்தை காலை மடக்கி இரண்டு பக்கமும் தாராளமாக விரிக்க முடிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இடுப்பு மூட்டு வளர அந்த அசைவு வேண்டும்.

துணி செட்டை அடுத்த குழந்தைக்கு எடுத்துவைப்பதானால், நன்றாகத் துவைத்து, ஈரப்பிசுக்கு இல்லாமல் காயவைத்து, கவரின் பட்டன்களைக் கழற்றி எலாஸ்டிக்கைத் தளரவிட்டு, சூடு படாத இடத்தில் வையுங்கள். திரும்ப எடுக்கும்போது எலாஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். விறைத்துப் போயிருந்தால் கவரை மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். உள்துணி கிழியாமல் இருந்தால் இன்னொரு குழந்தைக்கும் அப்படியே ஓடும்.